இரும்பும் பஞ்சும்

இரட்டைப் பெண்கள் பிறந்த அந்த வீட்டில் யார் எவள் என்று தெரியாமல் திண்டாடியவர் அப்பா ஒருவர்தான். அம்மா அழுகைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அப்பாவுக்கு அந்த ஞானம் கிடையாது. அவர் வேறு வழி கண்டுபிடித்தார். ஒருத்தி தூக்கினால் விறைத்துக்கொண்டு நெஞ்சில் உதைப்பாள், அவள் இரும்பு. இன்னொருத்தி தோளில் போட்டதுமே துவண்டு தூங்கிவிடுவாள், அவள் பஞ்சு. இரண்டு பேருக்கும் முறையான பெயர்கள் இருந்தன. அவை பள்ளிச் சான்றிதழோடு சரி. நாற்பது வயது தாண்டியும் வீட்டிலும் தெருவிலும் அவர்கள் இரும்பும் பஞ்சும்தான்.

வாழ்க்கையும் பெயருக்கு ஏற்றபடி போயிற்று. இரும்பு சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்தினாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவள் "பிரேக்!" என்று ஒரு குரல் கொடுத்தால் பயிற்சி வண்டியோடு பின்னால் வருகிற பஸ்ஸும் நின்றுவிடும் என்பார்கள். பஞ்சு படித்தாள், மேலும் படித்தாள், படித்துக்கொண்டே போய் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். நம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் ஸ்டெம் செல்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. என்ன ஆவது என்று இன்னும் முடிவு செய்யாத செல்கள். சமயம் வரும்போது அவற்றில் சில எலும்பு ஆகும், சில கொழுப்பு ஆகும். எது எதுவாக ஆகிறது, ஏன் ஆகிறது என்று பார்ப்பதுதான் பஞ்சின் வேலை.

"அதாவது, வேலைவெட்டி இல்லாத பசங்க உருப்படுவானுங்களா மாட்டானுங்களான்னு பார்க்கிற வேலை. அதுக்கு ஒரு சம்பளம் வேற!" என்று இரும்பு ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்வாள். சொல்லும்போது குரலில் பெருமை வழியும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த விபத்து நடந்தது. ரிவர்ஸ் எடுக்கும் பாடம். சுவருக்கும் வண்டிக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்க்க இரும்பு கீழே இறங்கிப் பின்பக்கம் போனாள். புதிதாகச் சேர்ந்தவர், மெத்தப் படித்த மனிதர், பதற்றத்தில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டார். இரும்பின் வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டாக உடைந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும், "சார், கியர நியூட்ரல்ல போட்டுட்டு இறங்குங்க" என்று அவள் பாடம் நடத்தினாளாம்.

எலும்பு டாக்டர் கம்பி வைத்துச் சரியாகத்தான் பொருத்தினார். ஆனால் எலும்பு ஒட்டவில்லை. மாதங்கள் போயின. ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் அந்தக் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது. சர்க்கரை இல்லை, புகை பிடிக்கிற பழக்கம் இல்லை, கிருமித் தொற்றும் இல்லை. டாக்டர் மண்டையை உடைத்துக்கொண்டார். இரண்டாவது தடவை திறந்து, இடுப்பிலிருந்து அவளுடைய எலும்பையே கொஞ்சம் எடுத்து இடைவெளியில் வைப்பது என்று முடிவாயிற்று.

அப்போதுதான் பஞ்சு டாக்டரைப் போய்ப் பார்த்தாள்.

"எப்படியும் இடுப்பைத் திறக்கறீங்க. கொஞ்சம் மஜ்ஜை எனக்கு வேணும் டாக்டர். என்னோடதையும் எடுத்துக் கொடுங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே கருவுல பிறந்தவங்க. ஜீன்ல எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வளர்த்தா ஏதாவது தெரியும்."

அனுமதி வாங்கவேண்டிய இடங்களிலெல்லாம் வாங்கி, சில நிமிஷம் முந்திப் பிறந்த அக்கா இரும்பும் தங்கை பஞ்சும் கையெழுத்துப் போட்டு, இரண்டு சின்னக் குழாய்களில் மஜ்ஜை ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அதைத் தொடுவதற்கு முன்னால் மேடம் தடுத்துவிட்டார். அந்தக் கூடத்தின் தலைவர் அவர். அதிர்ந்து பேசமாட்டார். அவர் பேச்சுக்கு மறுபேச்சும் கிடையாது.

"எது யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது," என்றார் மேடம். "அக்கான்னு தெரிஞ்சா கண்ணு பார்க்காது, ஆசைதான் பார்க்கும்."

பஞ்சுக்குச் சுருக்கென்றிருந்தது. ஆனால் அது நியாயம் என்று தெரிந்தது. பக்கத்து மேஜைக்காரரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அவருக்கு சோடாப்புட்டி என்று பெயர். அவரே போனில் "சோடாப்புட்டி பேசறேன்" என்பார். அவர் ஒருவருடைய தட்டுகளில் நீல ஸ்டிக்கரும் மற்றவருடைய தட்டுகளில் மஞ்சள் ஸ்டிக்கரும் ஒட்டினார். எந்த நிறம் யார் என்பது அவருக்கும் மேடத்துக்கும் மட்டும் தெரியும். மதியச் சாப்பாட்டின்போது பஞ்சு ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தாள். சோடாப்புட்டி வாய் நிறையச் சோற்றை அடைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். அது ஆமாமா இல்லையா என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

செல்கள் வளர்ந்தன. பஞ்சு தினமும் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு, இன்குபேட்டரின் கதவைத் திறப்பாள். உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைப்பாள். ஆரம்பத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. நீளநீளமாக, மீன்குஞ்சுக் கூட்டம் மாதிரி. அப்புறம் எலும்பாக மாறச் சொல்லித் தூண்டுகிற திரவத்தை இரண்டுக்கும் ஒரே அளவு ஊற்றினாள். அங்கே பாதை பிரிந்தது. நீலத் தட்டின் செல்கள் நெருங்கிக் கூடி, தங்களைச் சுற்றிச் சுண்ணாம்பை இறக்க ஆரம்பித்தன. மஞ்சள் தட்டில் பாதிக்குமேல் செல்களின் வயிற்றில் எண்ணெய்த் துளிகள் முத்துமுத்தாக மின்னின. எலும்பு ஆகச் சொன்னால் அவை கொழுப்பு ஆகிக்கொண்டிருந்தன.

மூன்றாவது வாரம் சாயம் ஊற்றிப் பார்த்தார்கள். சுண்ணாம்பு இருக்கிற இடத்தில் சிவப்பு ஏறும். நீலத் தட்டு செம்மண் பூமி மாதிரி சிவந்து கிடந்தது. மஞ்சள் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு புள்ளி.

"நீலம்தான் எங்க அக்கா," என்றாள் பஞ்சு, கொஞ்சமும் சந்தேகமில்லாமல். "பாருங்க, என்னமா கட்டியிருக்கா! செல்லுல குறையே இல்ல. காலுக்குத்தான் ரத்தம் சரியாப் போகலன்னு நினைக்கிறேன். டாக்டர்கிட்டச் சொல்லணும்."

"சொல்லாதீங்க. இன்னும் பாருங்க," என்றார் மேடம்.

சோடாப்புட்டி திடீரென்று குழாயைத் திறந்து, கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

அடுத்த கட்டம் செல்லுக்குள்ளே பார்ப்பது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்கிற அதே நீண்ட நூல்தான் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. எலும்பு கட்டுவதற்கான கட்டளையும் அதில்தான் இருக்கிறது, கொழுப்பு சேர்ப்பதற்கான கட்டளையும் அதில்தான். நூல்கண்டு எந்த இடத்தில் தளர்ந்திருக்கிறதோ அந்த இடத்தைச் செல்லால் படிக்க முடியும். இறுக்கிச் சுற்றிய இடம் இருந்தும் இல்லாததுதான். எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்பதற்குச் சின்னச்சின்ன ரசாயனக் குறிகள் நூலின் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் சாப்பிடுவது, உழைப்பது, படுகிற நோய், விழுங்குகிற மருந்து எல்லாமே அந்தக் குறிகளை மாற்றலாம். எழுத்து மாறாது, படிக்கிற விதம் மாறிவிடும். அதைத்தான் எபிஜெனெடிக்ஸ் என்கிறார்கள்.

நீலத்திலும் மஞ்சளிலும் எழுத்து ஒன்றேதான். குறிகள் ஒன்றில்லை. மஞ்சளில் எலும்புக்கான கட்டளைகள் இருக்கிற இடமெல்லாம் நூல் இறுகிக் கிடந்தது. குறிகள் விழுந்திருந்த வரிசையைப் பஞ்சு திரையில் மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. அவளுக்கு நினைவு வந்துவிட்டது. நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட நோயாளிகளின் செல்களை முன்பு ஓர் ஆய்வுக்காக அவள் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறாள். அச்சு அசல் அதே வரிசை.

அவள் மேடத்தின் அறைக்குப் போனாள். சோடாப்புட்டியும் அங்கே இருந்தார்.

"மேடம், மஞ்சள் தட்டு மாறிப்போச்சுன்னு நினைக்கிறேன். இது எங்க ரெண்டு பேர்ல யாருமே இல்ல. வருஷக்கணக்கா ஸ்டீராய்டு சாப்பிட்ட ஆளோட செல் இது."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "மாறல. ரெண்டு தட்டுலயும் எழுத்து ஒண்ணேதான்னு நீங்களேதானே பார்த்தீங்க?"

"ஆமா, ஆனா நான் அந்த மாத்திரையைத் தொட்டதே இல்லையே."

"நீங்க தொடல," என்றார் மேடம் மெதுவாக. "நீலம் நீங்க. மஞ்சள் உங்க அக்கா."

பஞ்சு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் எல்லாக் கோப்பையையும் வாங்கியவள், இரண்டு காஸ் சிலிண்டரை இரண்டு கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவள், அவள் கொழுப்பாம்; மாடிப்படியில் மூச்சு வாங்குகிற தான் செம்மண் பூமியாம். அப்புறம் சிரிப்பு அடங்கியது.

"அவ தலைவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டா மேடம்."

"அதை அவங்ககிட்டயே கேளுங்க," என்றார் மேடம்.

அன்று சாயங்காலம் பஞ்சு அக்கா வீட்டுக்குப் போனபோது இரும்பு கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, போனில் யாருக்கோ கிளட்ச் பிடிப்பது எப்படி என்று கத்திக்கொண்டிருந்தாள். இரண்டாவது அறுவைசிகிச்சைக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேக்கள் ஜன்னலோரம் அடுக்கியிருந்தன. அந்தக் கோடு அவற்றிலும் அப்படியேதான் இருந்தது. இரும்பின் கணவர், பஞ்சுக்கு அத்தான், சமையலறையில் இருந்தார். ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்ப்பது அவர் தொழில். நகத்திடுக்கில் எப்போதும் கொஞ்சம் கறுப்பு மை இருக்கும். "வா பஞ்சு, காபி போடறேன்," என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

பஞ்சு கதவைப் பாதி சாத்திவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"என்ன மாத்திரைடி சாப்பிடற?"

"யாரு? நானா? டாக்டர் கொடுத்த கால்சியம்."

"அதுக்கு முன்னால. வருஷக்கணக்கா."

"உனக்குப் பைத்தியமா?"

"அக்கா." சாதாரணமாக வாடி போடி என்றுதான் பேசுவாள். அக்கா என்று கூப்பிட்டால் விஷயம் பெரிது என்று இரண்டு பேருக்கும் தெரியும். "உன் எலும்பைக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். அது சொல்லிடுச்சு. நீயும் சொல்லிடு."

இரும்பு போனைக் கவிழ்த்து வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. இதற்கு முன் பஞ்சு அப்படிப் பார்த்தது அப்பா போன அன்றைக்குத்தான்.

"இழுப்பு," என்றாள். "ஆறேழு வருஷம் ஆச்சு. ஏசியும் புகையும் தூசியுமா நாளெல்லாம் வண்டிக்குள்ளயே உக்காந்தா வராம என்ன செய்யும்? ஒரு டாக்டர் சின்ன மாத்திரை கொடுத்தார், அஞ்சு நாளைக்கு. ரெண்டாம் நாளே மலை ஏறலாம் போல ஆயிடுச்சு. அடுத்த தடவை டாக்டர்கிட்டப் போகல, நேரா மருந்துக்கடைக்குப் போயிட்டேன். அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை, வாரத்துக்கு ஒரு தடவை... இப்பத் தினம் ஒண்ணு."

"ஆபரேஷனுக்கு முன்னால கேட்டாங்களே, வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களான்னு?"

"இல்லன்னு சொன்னேன்."

"ஏன்டி?"

"நான் இரும்புடி!" என்று சீறினாள் அக்கா. "மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடக்கிறவகிட்ட யாரு வண்டி கத்துக்க வருவாங்க? வீட்டுல ஒண்ணுன்னா எல்லாரும் என்னைத்தானே பார்க்கறீங்க? அம்மாவுக்கு உடம்பு முடியலன்னா இரும்பு. உன் வீட்டுக் கூரை ஒழுகினா இரும்பு. இரும்பு போய் இருமிக்கிட்டு உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

கதவுக்குப் பக்கத்தில் தம்ளர்கள் உரசுகிற சத்தம் கேட்டது. அத்தான் காபியோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. அவர் கோபப்படவில்லை. தம்ளர்களை வைத்துவிட்டு மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"ஊர்ல எந்த மெஷினுக்குள்ள தாள் சிக்கினாலும் சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிடுவேன்," என்றார். "பக்கத்துல படுத்திருக்கிற பொண்டாட்டிக்கு மூச்சு சிக்குறது எனக்குக் கேக்கல பாரு."

இரும்பு தலையணை உறைக்குள் கையை விட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். "இந்தா, குப்பையில போட்டுடறேன். இனிமே தொட்டா ஏன்னு கேளு."

பஞ்சு பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். "போடாத! இதைத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. உடம்பு தானா சுரக்கிறதை மறந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். நாளைக்கு மூணு பேருமா டாக்டர்கிட்டப் போறோம்."

"அப்ப இதுக்கும் கிளட்ச் வேணுங்கற," என்றாள் இரும்பு மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "டக்குனு விட்டா வண்டி ஆஃப் ஆயிடும்."

எலும்பு டாக்டர் முதலில் திட்டித் தீர்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். இவ்வளவு நாள் காரணம் தெரியாமல் அல்லாடியவருக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. நுரையீரல் டாக்டரை அழைத்தார்கள். மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பது, அதற்குப் பதிலாக வாயில் வைத்து இழுக்கிற இன்ஹேலர் என்று ஏற்பாடாயிற்று. ஆனால் கால் அப்படியே இருந்தது. மூன்றாவது தடவை எலும்பு வைத்துப் பார்க்கலாம் என்றார் எலும்பு டாக்டர். எங்கிருந்து எடுப்பது? அவளுடையதையே மறுபடி எடுத்தால் மறுபடி அதே கதைதான் ஆகும்.

"என்கிட்ட எடுங்க," என்றாள் பஞ்சு.

"வேற ஒருத்தரோட உயிருள்ள எலும்பை வச்சா உடம்பு ஏத்துக்காதும்மா. அது தெரியாதவங்களா நீங்க?"

"நான் வேற ஒருத்தர் இல்லையே டாக்டர்."

டாக்டர் அவளைப் பார்த்தார். பக்கத்துச் சக்கர நாற்காலியில் இருந்த இன்னொரு அதே முகத்தைப் பார்த்தார். மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினார். "ஒரே கருங்கிறது ஊர்ஜிதமானா எதிர்ப்பு வராது. இதுக்கு முன்னால மத்தவங்க செஞ்சிருக்காங்க. நான் செஞ்சதில்ல," என்றார்.

"தட்டுல நடந்தது கால்லயும் நடக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா என் செல்லை நான் பார்த்திருக்கேன் டாக்டர். அது கட்டுது."

மறுத்தது இரும்புதான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மறுத்தாள். "உன்னை அறுத்து என்னை ஒட்டணுமா? ஊர் சிரிக்கும். சின்ன வயசுல ஊசி போட்டா என் பின்னால ஒளிஞ்சவடி நீ!"

"இப்ப ஒளியல."

"இடுப்புல வெட்டுவாங்க. மாசக்கணக்கா வலிக்கும். எனக்குத் தெரியும், என்னை வெட்டியிருக்காங்க."

"தெரிஞ்சுதான் சொல்றேன். இத்தனை வருஷம் நீ முன்னால நின்ன, நான் பின்னால நின்னேன். வாயை மூடிக்கிட்டு இந்த ஒரு தடவை நீ பின்னால நில்லு."

டிரைவர் இருக்கையிலிருந்த அத்தான் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, "கூட்டிக் கழிச்சுப் பார்த்தா எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க, சிக்னல் விழுந்துடுச்சு," என்றார். இரும்பு சிரித்துவிட்டாள். அதோடு சம்மதமும் ஆயிற்று.

ரத்தப் பரிசோதனை, ஜீன் பரிசோதனை எல்லாம் முடிந்து ஒரு காலைப்பொழுதில் அடுத்தடுத்த இரண்டு அறைகளில் இரண்டு பேரையும் மயக்கத்தில் ஆழ்த்தினார்கள். கண்விழித்தபோது பஞ்சுக்கு இடுப்பில் யாரோ அடுப்புத் தணலை வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. பக்கத்துக் கட்டிலிலிருந்து அக்கா கேட்டாள்:

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. உன் எலும்பு இப்ப என்கிட்ட இருக்கு. அதைக் கேட்டாலே சொல்லிடும்."

சிரித்ததில் தையல் இழுத்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "அம்மா" என்றார்கள். நர்ஸ் ஓடிவந்து யாருக்கு ஊசி போடுவது என்று தெரியாமல் இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நின்றார்.

முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. கோடு கோடாகவே இருந்தது. இரும்பு அன்றைக்குச் சாப்பிடவில்லை. பஞ்சு மட்டும் அசரவில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு மூலையில் பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் செல் கட்டுவதற்கு அதன் நாள் வேண்டும் என்பதை அவள் எத்தனையோ தட்டுகளில் பார்த்தவள். அதைவிட, ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குக் கைநிறைய வேலை இருந்தது. மஞ்சள் தட்டுகள் இன்னும் மிச்சம் இருந்தன. இறுகிய நூலைத் தளர்த்துகிற ஒரு மருந்தை மிகச் சிறிய அளவில் அவற்றில் சேர்த்துப் பார்க்கலாம் என்று மேடத்திடம் கேட்டாள்.

"கேக்க வேணாம். செய்யுங்க. ஆனா இந்தத் தடவையும் ஸ்டிக்கர் சோடாப்புட்டிதான் ஒட்டுவார்."

அவர் ஒட்டினார். மருந்து போட்ட தட்டு எது, வெறும் தட்டு எது என்று தெரியாமலே பஞ்சு காலையும் மாலையும் பார்த்து வந்தாள். ஒரு வரிசைத் தட்டுகளில் எண்ணெய்த் துளிகள் குறைய ஆரம்பித்தன. பிறகு செல்கள் ஒன்றையொன்று நெருங்கின. சாயம் ஊற்றிய அன்று சோடாப்புட்டி அவளுக்கு முன்பே வந்து மேஜையருகில் நின்றிருந்தார். கழுவிவிட்டுத் தூக்கிப் பிடித்தாள். நீலத் தட்டு அளவுக்கு இல்லைதான். ஆனால் திட்டுத்திட்டாக, பார்க்கிற எவருக்கும் தெரிகிற மாதிரி, சிவப்பு ஏறியிருந்தது.

"இதுதான் மருந்து போட்டது," என்றாள் பஞ்சு.

இத்தனை மாதம் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்த சோடாப்புட்டி, "இதேதான், இதேதான்!" என்று குதித்ததில் கண்ணாடி நழுவிக் குப்பைக்கூடையில் விழுந்தது.

மேடம் வந்து பார்த்தார். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "நல்லா இருக்கு," என்றார். அவர் வாயிலிருந்து அந்த இரண்டு சொல் வருவது அபூர்வம். அடுத்த மூச்சில், "ஆனா இது ஒரு ஜோடி. ஒரு ஜோடிங்கிறது கதை. நிறைய ஜோடி கிடைச்சாத்தான் ஆய்வு. தட்டுல போட்ட மருந்தை ஆளுக்குக் கொடுக்கிறதுக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கு. ஒரே மாதிரி பிறந்து, ஒருத்தர் மட்டும் ஸ்டீராய்டு சாப்பிட்டவங்களைத் தேடுங்க," என்றார்.

அந்த வாரமே அடுத்த எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். கறுப்புக் கோட்டின் இரண்டு பக்கமும் மெல்லிய வெள்ளைப் படலம் புகைபோலக் கிளம்பி நடுவில் தொட்டுக்கொண்டிருந்தது. அத்தான் கிட்டே போய், தாளில் மை பரவியதைப் பார்க்கிற மாதிரி மூக்கு இடிக்கப் பார்த்தார்.

"ஒட்டுது," என்றார் டாக்டர். "உங்க தங்கச்சி எலும்பு பிடிச்சுதா, மாத்திரையைக் குறைச்சதுல உங்க உடம்பே முழிச்சுதா, ரெண்டும் சேர்ந்ததாலயான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது."

"எனக்கும் இப்போதைக்கு முடியாது," என்றாள் பஞ்சு. "ஆனா சொல்ல முடியற நாள் வரும் டாக்டர். அதுக்குத்தான் வேலை பார்க்கிறேன்."

"நீங்க ரெண்டு பேரும் நிதானமாப் பிரிச்சுக்குங்க," என்றாள் இரும்பு. அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு நடக்கணும்."

நடந்தாள். முதலில் இரண்டு கோலோடு, பிறகு ஒன்றோடு, பிறகு ஒன்றுமில்லாமல். முழுதாகக் குணமாகி வண்டியில் ஏறும்வரை அவளை வீட்டில் அடைத்து வைப்பது பெரும்பாடாக இருந்தது. கடைசியில் அத்தான்தான் யோசனை சொன்னார்: பஞ்சுக்கு இரட்டையர்கள் வேண்டும், இரும்புக்கு யாரையாவது அதட்டவேண்டும், இரண்டையும் சேர்த்துவிட்டால் என்ன? மேடம் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். கட்டாயப்படுத்துகிற மாதிரி ஒரு சொல் வரக்கூடாது என்று மட்டும் கறாராகச் சொல்லியனுப்பினார்.

ஆராய்ச்சிக்கூடத்தின் முன்னறையில் ஒரு மேஜையும் போனும் போட்டுக் கொடுத்தார்கள். மருத்துவமனைகள் மூலம் விவரம் கேட்டு வருகிற இரட்டையர்களிடம் இரும்பு தன் காலைத் தூக்கிக் காட்டிப் பேசினாள். வருகிறவர்கள் எந்த மாத்திரையை மறைக்கிறார்கள் என்று அவளுக்கு முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. "வெக்கப்படாதீங்க. நானும் தலையணைக்குள்ளதான் வச்சிருந்தேன்," என்பாள். அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, எழுபது வயது தாண்டிய அண்ணனும் தம்பியும் வந்தார்கள். ஒரே வழுக்கை, ஒரே மூக்கு. ஒருவர் நிமிர்ந்து நடந்தார். மற்றவர் மூட்டுவலிக்கு வருஷக்கணக்காக மாத்திரை தின்று கூன் விழுந்திருந்தார். ஏதோ ஒரு பழைய சண்டையில் பேச்சுவார்த்தை கிடையாதாம். ஒருவர் சொல்வதை இரும்பு மற்றவருக்கு எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. ஊசி பெரிதாக இருக்குமா என்று நிமிர்ந்தவர் கேட்டார். அவன் சின்ன வயசிலிருந்தே பயந்தாங்கொள்ளி என்று கூனர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"பார்த்தியா, பேசிட்டார்!" என்று இரும்பு உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பஞ்சு, சீக்கிரம் வா! ரெண்டு பேரும் நல்ல மூடுல இருக்காங்க!"

பஞ்சு கையுறையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் சோடாப்புட்டி புது ஸ்டிக்கர் சுருளோடு நின்றார். இந்தத் தடவை பச்சையும் ஊதாவும்.